மரண விசாரணைக்கு அழைப்பு வந்தால்: வக்கீல் வேண்டுமா, எப்போது, யாருடைய வக்கீல்?

உங்கள் டியூட்டியில் ஒரு நோயாளி இறந்துவிட்டார். சில நாள் கழித்து, விசாரணைக்கு வரும்படி உங்கள் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. வார்டில் அன்றைக்கே இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். "நீ தப்பு பண்ணலையே, வக்கீல் எதுக்கு? கூட்டிட்டுப் போனா சந்தேகம்தான் வரும்" என்பார் ஒருவர். "வக்கீல் இல்லாம வாயே திறக்காதே" என்பார் இன்னொருவர். இருவரும் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

புதுச்சேரியின் கோரிமேட்டில் இது அடிக்கடி எழும் கேள்வி. 1964 முதல் இங்கே இயங்கும் ஜிப்மருக்குப் புதுச்சேரி மட்டுமின்றி விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். சாலை விபத்து, விஷம், தீக்காயம், பிரசவச் சிக்கல் என்று எல்லாம் கடைசி நேரத்தில் இங்கேதான் வந்து சேர்கிறது. இயற்கையான மரணம் என்று சொல்ல முடியாத ஒவ்வொன்றுக்கும் போலீஸ் விசாரணை உண்டு. ஹவுஸ் சர்ஜன், ரெசிடென்ட், ஸ்டாஃப் நர்ஸ், டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் ஊழியர் என்று யார் பெயருக்கு வேண்டுமானாலும் அழைப்பு வரலாம். அரசு மருத்துவமனை, தனியார் நர்சிங் ஹோம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சுருக்கமான பதில் இதுதான். வக்கீலிடம் ஆலோசனை கேட்பது எப்போதும் நல்லது. வக்கீலை உடன் அழைத்துச் செல்வது சில சூழலில் மட்டும் தேவை. நிர்வாகத்தின் நலனும் உங்கள் நலனும் பிரியும் இடத்தில் தனி வக்கீல் கட்டாயம். இந்த மூன்றில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

விசாரணை எதைத் தேடுகிறது?

இங்கிலாந்தில் இருப்பதுபோல மரணத்தை விசாரிக்கத் தனி அதிகாரியான கொரோனர் இப்போது நம் நாட்டில் இல்லை. மும்பையில் மட்டும் அந்தப் பதவி 1999 வரை தாக்குப்பிடித்தது. இங்கே அந்த வேலையைப் போலீசாரும் நடுவர்களும் செய்கிறார்கள்.

இந்தப் போலீஸ் விசாரணையை முன்பு "174 கேஸ்" என்று சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., வந்துவிட்டது. அதில் இது 194ஆம் பிரிவு. போலீஸ் அதிகாரி உடலைப் பார்வையிட்டு, அக்கம்பக்கத்தைச் சேர்ந்த குறைந்தது இரண்டு பேர் முன்னிலையில் காயங்களைக் குறித்து, மரணத்துக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணம் என்ன என்று அறிக்கை எழுதுகிறார். யார் குற்றவாளி என்று தீர்மானிப்பது இந்த விசாரணையின் வேலை இல்லை. 1975இல் பெத்த நாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதனால் நிம்மதியாக இருந்துவிடலாமா? முடியாது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவர் மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். போலீஸ் அதை முதலில் 174இன் கீழ்தான் பதிவு செய்தது. மருத்துவக் குழுவின் அறிக்கை வந்த பிறகு அதே வழக்கு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற 304-ஏ பிரிவுக்கு மாற்றப்பட்டது. நேற்று விவரம் கேட்கப்பட்டவர் நாளை குற்றம் சாட்டப்பட்டவர் ஆகலாம். முதல் நாள் நீங்கள் சொன்னது இரண்டாவது கட்டத்துக்கும் உங்களோடு வரும்.

நோட்டீஸில் பிரிவு எண்ணைப் பாருங்கள்

காகிதத்தைக் கையில் வாங்கியதும் பிரிவு எண்ணைத் தேடுங்கள். உங்களை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை அது சொல்லிவிடும்.

195 என்றால் 194 விசாரணையின் பகுதியாக, விவரம் தெரிந்தவர் என்று அழைக்கிறார்கள். 179 என்றால் புலனாய்வில் சாட்சியாக அழைக்கிறார்கள். இரண்டிலும் நீங்கள் சாட்சிதான். உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் எந்தப் பதில் உங்களையே குற்றவழக்கில் மாட்டிவிடக்கூடுமோ, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே விலக்குத் தந்திருக்கிறது.

35(3) என்றால் நிலைமை வேறு. முன்பு 41-ஏ என்று அழைக்கப்பட்ட நோட்டீஸ் இது. உங்கள் மேல் நியாயமான சந்தேகமோ புகாரோ இருப்பதாகப் போலீஸ் கருதுகிறது என்று அர்த்தம். இதைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக ஸ்டேஷன் படி ஏறக் கூடாது. அதே சமயம் போகாமலும் இருக்கக் கூடாது. நோட்டீஸை மதித்து ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதற்கான காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும். ஆஜராகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

196 என்றால் நடுவர் விசாரணை. போலீஸ் காவலிலோ நீதிமன்றக் காவலிலோ நேர்ந்த மரணம் என்றால் நீதித்துறை நடுவரே விசாரிப்பார். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இறந்தால், தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. விசாரணை என்று சொல்கிறோமே, அந்த வகை நிர்வாக நடுவர் விசாரணை நடக்கும். இங்கே சாட்சியம் முறையாகப் பதிவாகும்.

நோட்டீஸே இல்லாமல் போனில் "சும்மா வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டால்? மரியாதையாக, எழுத்தில் அனுப்பும்படி கேளுங்கள். பெண் ஊழியர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 179, 195 இரண்டின்படியும், சாட்சியாக விசாரிக்கப் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விரும்பினால் மட்டுமே ஸ்டேஷனுக்குப் போகலாம். நைட் டியூட்டி முடித்த நர்ஸை நேராக ஸ்டேஷனுக்கு வரச்சொன்னால், இந்த விதியைச் சொல்லி மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

கோரிமேட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். விபத்து தமிழ்நாட்டில் நடந்திருக்கும், மரணம் புதுச்சேரியில் நேர்ந்திருக்கும். வழக்கு தமிழ்நாட்டு ஸ்டேஷனில் இருக்கும். 179ஆம் பிரிவின்படி ஒரு போலீஸ் அதிகாரி தன் நிலைய எல்லையிலோ அதை ஒட்டிய நிலைய எல்லையிலோ இருப்பவரைத்தான் அழைக்க முடியும். தொலைவில் உள்ள ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால், மருத்துவமனைக்கே வந்து விசாரிக்கும்படி நிர்வாகம் மூலம் எழுதிக் கேளுங்கள். முரண்டு பிடிக்க வேண்டாம். ஒத்துழைக்கத் தயார் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

வக்கீலை அழைத்துப் போக வேண்டிய ஆறு சூழல்கள்

ஒன்று: நோட்டீஸ் 35(3)இன் கீழ் வந்திருக்கிறது, அல்லது எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு இருக்கிறது. பழைய 304-ஏதான் இப்போது 106(1).

இரண்டு: இறந்தவரின் குடும்பம் கொடுத்த புகாரில் உங்கள் பெயரோ, உங்கள் ஷிஃப்ட்டோ குறிப்பிடப்பட்டிருக்கிறது.

மூன்று: காவல் மரணம், வரதட்சணை மரணம் போன்றவற்றில் நீங்கள் எழுதிய சான்றிதழோ ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவோ முக்கிய ஆவணமாகிறது.

நான்கு: கேஸ் ஷீட்டில் இடைவெளி இருக்கிறது. மருந்து கொடுத்த நேரம் எழுதப்படவில்லை, ரத்த யூனிட் எண் பொருந்தவில்லை, சீனியருக்குச் சொன்னது பதிவாகவில்லை.

ஐந்து: பிரேதப் பரிசோதனை சொல்லும் காரணமும் நீங்கள் எழுதிய மரணக் காரணமும் ஒத்துப்போகவில்லை.

ஆறு: நடந்ததாக நிர்வாகம் சொல்வதும், நடந்ததாக உங்களுக்குத் தெரிந்ததும் வேறு வேறாக இருக்கின்றன.

இந்த ஆறில் ஒன்றுகூட இல்லையென்றால், பெரும்பாலும் ஒரு மணி நேர ஆலோசனையே போதும். விபத்தில் அடிபட்டு வந்தவரை முதலில் பார்த்து ஏ.ஆர். எழுதிய கேஷுவாலிட்டி மருத்துவர், அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகவே போய் விவரம் சொல்லிவிட்டு வரலாம்.

நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் இங்கே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். 106(1)இன்படி அலட்சிய மரணத்துக்கு அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. சிகிச்சையின்போது நேர்ந்தால், பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் அது 2 ஆண்டு. மருத்துவர் யார் என்பதற்கு அதே பிரிவு தரும் விளக்கத்தில் நர்ஸும் டெக்னீஷியனும் வரமாட்டார்கள். ஒரே வார்டில், ஒரே சம்பவத்தில், மருத்துவரைவிட நர்ஸுக்கு அதிக தண்டனை சாத்தியம் என்று சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. "டாக்டருக்குத்தானே வக்கீல், எனக்கெதுக்கு" என்று ஒதுங்கி நிற்பது ஆபத்து.

மருத்துவர்களுக்கு இன்னொரு கவசமும் உண்டு. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று விஷயங்களைச் சொன்னது. சாதாரணக் கவனக்குறைவு குற்றமாகாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும். நடவடிக்கைக்கு முன் போலீஸ் சுதந்திரமான, தகுதியான மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும், அது முடிந்தவரை அரசுப் பணியில் உள்ள மருத்துவரிடமிருந்து. புகார் வந்த கையோடு மருத்துவரைக் கைது செய்யக் கூடாது.

தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அது தானாக வந்து காப்பாற்றாது. ராஜஸ்தானின் லால்சோட்டில் 2022 மார்ச்சில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தபோது, மகப்பேறு மருத்துவர் மீது கொலை வழக்கே பதிவானது. மறுநாள் அந்த மருத்துவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தீர்ப்பை எடுத்துக்காட்டி, தவறான பிரிவை அன்றைக்கே எதிர்க்க ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று அந்த மரணம் சொல்கிறது. 106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இந்த ஒரு வரி தெரிந்திருந்தாலே பலருடைய முதல் இரவு தாங்கக்கூடியதாக மாறும். நோட்டீஸ் வந்த அன்று தனியாக இருக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், நம்பும் சீனியரிடம் சொல்லுங்கள்.

யாருடைய வக்கீல்?

"நம்ம ஆஸ்பத்திரி வக்கீல் பார்த்துக்குவார்." பல இடங்களில் இது உண்மையிலேயே போதும். ஆனால் அந்த வக்கீலின் கட்சிக்காரர் மருத்துவமனை. "ஆட்கள் போதுமான அளவு இருந்தார்கள், நெறிமுறை இருந்தது, ஊழியர் பின்பற்றவில்லை" என்பது நிர்வாகத்துக்கு நல்ல வாதம், உங்களுக்கு மோசமான வாதம். அவரிடம் நேராகக் கேளுங்கள்: "நீங்கள் எனக்காகவும் ஆஜராகிறீர்களா? எனக்கும் நிர்வாகத்துக்கும் முரண் வந்தால் என்ன செய்வீர்கள்?" தெளிவான பதில் வராவிட்டால் தனி வக்கீலைத் தேடுங்கள்.

நிறுவனத்தின் நலனும் ஊழியரின் மனசாட்சியும் எதிரெதிரே நிற்கும்போது என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2020 ஜூனில் பார்த்தது. சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் இருந்தபோது இறந்தார்கள். கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் விசாரிக்கப் போனபோது ஸ்டேஷனிலேயே அவருக்குத் தடை எழுந்தது. அங்கே டியூட்டியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி அன்றிரவு கண்டதைச் சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்திட அவர் அஞ்சினார். பாதுகாப்பு உறுதி தரப்பட்ட பிறகே கையெழுத்திட்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அவருக்குப் பாதுகாப்பு அளிக்க உத்தரவிட்டது. சக ஊழியர்களுக்கு எதிராக உண்மை சொல்லும் சாட்சிக்கு, அதே துறை ஏற்பாடு செய்யும் வக்கீல் துணையாக முடியாது. மருத்துவமனையிலும் அப்படித்தான்.

வக்கீல் அங்கே என்ன செய்ய முடியும்?

போலீஸ் நடத்தும் 194 விசாரணையில் வாதம், குறுக்கு விசாரணை எதுவும் கிடையாது. வக்கீல் உங்களுக்குப் பதிலாகப் பேச முடியாது. நீங்கள் போவதற்கு முன் ஆவணங்களைப் படித்து, எந்தக் கேள்வி எதற்காக வரும் என்று விளக்கி, எதற்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு என்று சொல்லித்தருவதுதான் அவருடைய பெரிய வேலை. கைது வரை போனால், விசாரணையின்போது விருப்பமான வக்கீலைச் சந்திக்கும் உரிமையை பி.என்.எஸ்.எஸ். 38ஆம் பிரிவு தருகிறது. விசாரணை முழுவதும் அவர் பக்கத்தில் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமைதி காக்கும் உரிமையும் வக்கீல் துணையும் பற்றி 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னவை இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுபவை.

நடுவர் விசாரணையில் இடம் கொஞ்சம் விரிகிறது. வக்கீல் ஆஜராகும் உரிமையை 196ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி சாட்சியம் பதிவு செய்ய அதிகாரம் பெற்றவர் முன் ஆஜராக, வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 30ஆம் பிரிவு வக்கீல்களுக்கு உரிமை தருகிறது. அதைச் சுட்டி எழுத்தில் அனுமதி கேட்கலாம். இறந்தவரின் உறவினர்களுக்குத் தகவல் தந்து அவர்களை விசாரணையில் இருக்க அனுமதிக்க வேண்டும் என்று 196 சொல்கிறது. அவர்கள் வக்கீலோடு வரலாம். அதை உங்கள் மேல் தொடுக்கும் போராக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்கள் வீட்டு ஆள் எப்படி இறந்தார் என்று அறிவது அவர்கள் உரிமை.

விசாரணை ஆணையம் என்றால் வக்கீல் வைக்கும் உரிமையைச் சட்டமே எழுதித் தந்திருக்கிறது. முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்ததைப் பற்றி விசாரிக்க 2017இல் நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் அமைந்தது. மருத்துவர்கள் சாட்சியம் அளித்தார்கள். மருத்துவ நுணுக்கங்களை ஆராய மருத்துவர் குழு வேண்டும் என்று அப்பல்லோ மருத்துவமனை வக்கீல்கள் மூலம் உச்ச நீதிமன்றம் வரை போராடியது. 2021 நவம்பரில் எய்ம்ஸ் மருத்துவர் குழு அமைக்க உத்தரவு கிடைத்தது. சிகிச்சை சரியாகவே இருந்தது என்று அந்தக் குழு சொன்னது. ஆனாலும் 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட ஆணைய அறிக்கை, சிலர் மீது மேல்விசாரணை தேவை என்றது. வக்கீல் இருந்தால் முடிவு சாதகமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். உங்கள் தரப்பு முழுமையாகப் பதிவாகும், அதைத்தான் வக்கீலிடம் எதிர்பார்க்க வேண்டும். பெயருக்குக் களங்கம் வரக்கூடியவர், ஆணையத்தின் முன் விளக்கம் தரவும் குறுக்கு விசாரணை செய்யவும் வக்கீல் வைக்கவும் 1952ஆம் ஆண்டு சட்டத்தின் 8-பி, 8-சி பிரிவுகள் இடம் தருகின்றன.

உண்மையில் அஞ்ச வேண்டிய காகிதம்

போலீசார் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்பது 181ஆம் பிரிவு. பின்னாளில் நீங்கள் கோர்ட்டில் சொல்வதோடு அது முரண்பட்டால் குறுக்கு விசாரணையில் காட்டப் பயன்படும். அந்த அளவுக்கு அதற்கு வரம்பு உண்டு.

மரணம் நடந்த அன்றே நிர்வாகம் கேட்கும் விளக்கக் கடிதத்துக்கு இந்த வரம்பு எதுவும் கிடையாது. அதை நீங்களே எழுதுகிறீர்கள், நீங்களே கையெழுத்திடுகிறீர்கள். பதற்றத்தில், தூக்கமில்லாமல், "அரை மணியில் வேணும்" என்ற அவசரத்தில் எழுதுகிறீர்கள். அது போலீசுக்கும் போகலாம், துறை விசாரணைக்கும் போகலாம், மாநில மருத்துவக் கவுன்சிலுக்கும், தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வக்கீலுக்கு முதல் போன் செய்ய வேண்டிய நேரம் இதுதான். ஸ்டேஷன் அழைப்பு வரும்வரை காத்திருப்பவர்கள் தாமதமாகிவிடுகிறார்கள்.

எப்படி எழுதுவது? ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு நர்ஸ் இப்படி எழுதுகிறார்: "டியூட்டி டாக்டர் தாமதமாக வந்ததால் நோயாளியின் நிலை மோசமாகி இறந்தார்." இந்த ஒரு வரியில் மூன்று தீர்ப்புகள் இருக்கின்றன: தாமதம், அதனால் மோசமானது, அதனால் மரணம். மூன்றையும் நிரூபிக்கும் பொறுப்பு இனி அவர் தலையில்.

அதையே இப்படி எழுதலாம்: "இரவு 2.10க்கு ரத்த அழுத்தம் 80/50. 2.12க்கு டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். 2.15க்கு ஐ.வி. திரவத்தை வேகப்படுத்தினேன், ஆக்சிஜன் வைத்தேன். டாக்டர் 2.40க்கு வந்தார். இந்த நேரங்கள் கேஸ் ஷீட்டில் உள்ளபடி." உண்மை எதுவும் மறைக்கப்படவில்லை, யார் மேலும் பழி போடப்படவில்லை. கண்டது, செய்தது, நேரம், ஆதாரம் ஆகிய நான்கு மட்டுமே இருக்கின்றன. நினைவிலிருந்து எழுதுவதை "நினைவில் உள்ளபடி" என்றே குறிப்பிடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் ஷீட்டில் பிறகு எதையும் திருத்தாதீர்கள். ஏதாவது விடுபட்டிருந்தால், எழுதும் அன்றைய தேதி, நேரத்தோடு, பின்னர் சேர்த்த குறிப்பு என்று வெளிப்படையாக எழுதிக் கையெழுத்திடுங்கள். அழித்து எழுதிய ஒரு வரி, தவறே செய்யாதவரையும் குற்றவாளிபோலக் காட்டிவிடும். வார்டு வாட்ஸ்அப் குழுவில் இந்த நோயாளியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வக்கீலிடம் சொல்வதைச் சாட்சியச் சட்டம் ரகசியமாகக் காக்கிறது. சக ஊழியரிடம் சொல்வதற்கு அந்தக் காப்பு இல்லை.

வக்கீலை எங்கே தேடுவது, செலவுக்கு என்ன செய்வது?

நிலப் பத்திரம் பார்த்துத்தரும் குடும்ப வக்கீல் இதற்குப் போதாது. கிரிமினல் வழக்கு நடத்துபவரும், கேஸ் ஷீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளப் பொறுமை உள்ளவருமான ஒருவர் வேண்டும். முதல் சந்திப்பிலேயே கட்டணத்தைப் பேசிவிடுங்கள்: ஆலோசனைக்கு எவ்வளவு, உடன் வருவதற்கு எவ்வளவு, எஃப்.ஐ.ஆர். ஆனால் எவ்வளவு.

மருத்துவர்கள் தொழில் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால் நோட்டீஸ் வந்ததும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமதமாகச் சொன்னால் கிளெய்மில் சிக்கல் வரலாம். கிரிமினல் தரப்புச் செலவை அந்தப் பாலிசி ஏற்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இந்திய மருத்துவச் சங்கம் போன்ற தொழில்முறைச் சங்கங்களில் உறுப்பினராக இருந்தால், அங்கே என்ன சட்ட உதவி கிடைக்கும் என்றும் கேளுங்கள்.

பணமில்லை என்பதற்காக யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. பெரும்பாலான ஸ்டாஃப் நர்ஸ்கள் இதிலேயே வந்துவிடுகிறார்கள். உதவி எண் 15100. புதுச்சேரியிலும் சட்டப் பணிகள் ஆணையம் இயங்குகிறது.

அரசு ஊழியர்கள் துறை விசாரணையையும் மனத்தில் வைக்க வேண்டும். மத்திய அரசின் 1965ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகள் புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் பொருந்தும். அதில் சக அரசு ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பை நடத்துபவர் சட்டம் படித்த வக்கீலாக இருந்தால், அல்லது அதிகாரி அனுமதித்தால் மட்டுமே நீங்களும் வக்கீல் வைக்கலாம். மரண விசாரணையில் வக்கீலைக் கேட்டுப் பேசியவருக்கு, வக்கீல் இல்லாத அந்த அறையிலும் சொல் மாறாது.

இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு

நம் பகுதியிலிருந்து ஏராளமான நர்ஸ்களும் மருத்துவர்களும் அங்கே என்.எச்.எஸ். வேலைக்குப் போகிறார்கள். அங்கே கொரோனர் விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில் நடக்கும். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி என்ற நான்கு கேள்விகளுக்கே விடை தேடும். குறிப்பிட்ட ஒருவரைக் கிரிமினல் குற்றவாளி என்று கொரோனர் அறிவிக்க முடியாது என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெரும்பாலும் மருத்துவமனையை நடத்தும் டிரஸ்ட்டின் வக்கீலே ஊழியர்களுக்கும் போதும். வெறும் சாட்சியா, நலன் தொடர்புடையவர் என்ற நிலையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது என்றால் உங்கள் பாதுகாப்புச் சங்கத்தையோ தொழிற்சங்கத்தையோ உடனே அழையுங்கள்.

அங்கும் முதல் விசாரணையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2011இல் லெஸ்டரில் ஆறு வயதுச் சிறுவன் இறந்த வழக்கில், பயிற்சி மருத்துவர் ஹடீஸா பாவா-கார்பா மீது முதலில் வழக்கு தொடரப்படவில்லை. மரண விசாரணைக்குப் பிறகு அந்த முடிவு மாறியது. 2015இல் அவரும் ஒரு நர்ஸும் தண்டிக்கப்பட்டார்கள். மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட அவர் பெயர், 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால்தான் திரும்பியது.

நோட்டீஸ் வந்த இரண்டு நாளில் செய்ய வேண்டியவை

நோட்டீஸில் பிரிவு எண், தேதி, இடம் பாருங்கள். பிரதி எடுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கேஸ் ஷீட்டின் நகலை முறைப்படி கேட்டு வாங்கிப் படியுங்கள். நேரவரிசைக் குறிப்பு ஒன்றை உங்களுக்காக எழுதுங்கள், அதை வக்கீலிடம் மட்டும் கொடுங்கள். மேலே சொன்ன ஆறு சூழல்களோடு ஒப்பிட்டு, தனியாகப் போவதா, துணையோடு போவதா என்று முடிவெடுங்கள். அவகாசம் தேவையென்றால் எழுதிக் கேளுங்கள், சொன்ன தேதியில் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வக்கீல் வைப்பது குற்ற ஒப்புதல் ஆகாது. உண்மையைத் தெளிவாக, அளவாக, பயமில்லாமல் சொல்ல அது உதவுகிறது. அப்படிச் சொன்ன உண்மையைத்தான் இறந்தவரின் குடும்பம் எதிர்பார்க்கிறது. அடுத்து அதே படுக்கைக்கு வரப்போகும் நோயாளிக்கும் அதனால்தான் நன்மை. நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஒரு வக்கீலின் எண்ணையும், உங்கள் காப்பீட்டுப் பாலிசி எண்ணையும், 15100ஐயும் போனில் சேமித்து வைத்துவிடுங்கள்.